நீங்க முன்னால போங்க

என் மகளும் மருமகனும் பெங்களூரில் இருக்கிறார்கள். சனிக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மலையைப் பார்த்துக் கிளம்பிவிடுகிற ஜோடி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயத்தில், தாங்கள் மூச்சு வாங்குவது போதாதென்று, என் பிறந்தநாளைச் சாக்கு வைத்து எனக்கும் ஒரு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பிவிட்டார்கள். ஒரு பக்கத்து அம்மாவுக்கு மட்டும் செய்தால் நன்றாக இருக்காது என்று மருமகனின் அம்மாவுக்கும், அதாவது என் சம்பந்திக்கும், அதே நீல நிறத்தில் ஒன்று சோமனூருக்குப் போனது.

அத்தோடு விட்டிருந்தால் இரண்டு சைக்கிளும் இரண்டு வீட்டு மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போட உதவியிருக்கும். மருமகன் ஒரு பாதையையும் வரைந்து செல்போனுக்கு அனுப்பினார். வடவள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து கணுவாய், தடாகம், மாங்கரை, மலையேறி ஆனைகட்டி. வழியில் மூன்று இயற்கை ஊற்றுகள். ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு நீலச் சொட்டு போட்டிருந்தது. நான் முடியாது என்றுதான் சொன்னேன். எனக்கு வயது ஐம்பத்தைந்து, முட்டி இரண்டும் அதைவிட மூத்தவை. ஆனால் மகள் ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டாள்.

“அத்தை ரொம்ப ஆசையா இருக்காங்கம்மா.”

மாப்பிள்ளையைப் பெற்றவர் ஆசைப்படும்போது பெண்ணைப் பெற்றவள் முட்டி வலி என்று சொல்ல முடியுமா? கொங்கு நாட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எனக்கும் ரொம்ப ஆசைதான் என்று சொல்லிவிட்டேன்.

என் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கணவரோடு சேர்ந்து சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல உயரம், நூல் மூட்டை தூக்கிப் பழகிய தோள். ஆனால் குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அத்தனை மெதுவாக, அத்தனை இதமாகப் பேசுவார். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் குனிந்து, “ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுங்களா?” என்று அவர் கேட்டது என் காதில் விழவே இல்லை. யாரோ விசிறுகிறார்கள் என்று நினைத்தேன். அது அவருடைய சுபாவம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நானும் அவரோடு பேசும்போது என் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தைக்கு இரண்டு ‘ங்க’ இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே சம்பந்தி டெம்போவில் சைக்கிளோடு வந்து இறங்கினார். காலையில் இருவரும் சுடிதாரும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. நான் அவருக்காக ஒப்புட்டும், அரிசிம்பருப்புச் சாதமும், தயிர் வேறாக ஒரு தூக்கிலும் கட்டியிருந்தேன். அவர் எனக்காகக் கச்சாயமும், சந்தகையும், அதற்குத் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்திருந்தார். இரண்டு சைக்கிள்களின் பின்பக்கமும் சந்தைக்குப் போகிற வண்டி மாதிரி தாழ்ந்து நின்றன. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, மலையேறப் போகிறீர்களா, மலையில் கடை போடப் போகிறீர்களா என்று கேட்டார். சம்பந்தி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை.

கியர் எங்கள் இருவருக்கும் புரியாது. சைக்கிள் கடைக்காரர் ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நான் சம்பந்தியிடம் சொன்னேன். தனக்கும் புரிந்துவிட்டது என்று அவர் என்னிடம் சொன்னார். ஆனைகட்டி போய்ச் சேரும்வரை இரண்டு சைக்கிளும் ஒரே கியரில்தான் ஓடின.

முதல் சிக்கல் எங்கள் தெருமுனையிலேயே வந்தது. யார் முன்னால் போவது? மாப்பிள்ளை வீட்டார் பின்னால் வர நான் முன்னால் போவது முறையில்லை. தடம் தெரிந்த நானிருக்க, விருந்தாளியாக வந்தவர் முன்னால் போவது முறையில்லை என்று அவர் நினைத்தார். அதனால் ஜோடியாகப் போனோம். சோமையம்பாளையம் ரோட்டில் எங்களுக்குப் பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூல் வேன், அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் என்று ஊர்வலம் சேர்ந்துவிட்டது. ஒரு குறுகலான பாலம் வந்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினோம்.

“நீங்க முன்னால போங்க சம்பந்தி.”

“அதெப்படிங்க. நீங்க போங்க, நான் வாரனுங்க.”

இப்படியே கொஞ்ச நேரம் போனது. பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டார். கடைசியில் பஸ் கண்டக்டர் இறங்கி நடந்து வந்தார். கோபமெல்லாம் இல்லை, நல்ல மனிதர். யாராவது ஒருத்தர் போங்க, இல்லையென்றால் நான் சீட்டுக் குலுக்கிப் போடுகிறேன் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு, மறுபடியும் ஜோடியாகவே பாலத்தைக் கடந்தோம்.

முதல் ஊற்று தடாகத்துக்குப் பக்கத்தில், ஒரு மலைக்கோயிலின் படிக்கட்டு ஓரம். பாறைக்குள் ஒரு சட்டி அளவுக்குக் குழி, அதில் எப்போதும் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஊறி, ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து, பாசி படிந்த கல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. படியேறி வந்ததில் இருவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. குடித்தால் நன்றாகப் பசியெடுக்கும் என்று அடிவாரத்தில் பூ விற்ற அம்மா சொல்லியிருந்தார். நான் சம்பந்தியை முதலில் குடிக்கச் சொன்னேன். அவர் என்னைச் சொன்னார். நாங்கள் மாற்றி மாற்றி உபசரித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர், எங்களுக்கு நடுவே குனிந்து, வயிறு நிறையக் குடித்து, முகம் கழுவி, வாய் கொப்பளித்து, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து நனைத்துத் தலையும் வாரிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழியில் குடிக்க இருவருக்கும் மனம் வரவில்லை. தாகமே இல்லை என்று அவர் சொன்னார். எனக்கும் இல்லை என்றேன்.

படியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பைகளை முதுகில் சுமந்து வந்திருந்தோம். என் பையின் ஜிப்பைத் திறந்து படியில் வைத்தேன். குரங்குகள் இருக்கின்றன என்பது தெரியும். தெரிந்துதான் வைத்தேனா என்று கேட்டால், அந்தப் பை என் முதுகை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஒரு பெரிய குரங்கு வந்து, தன் வீட்டு அலமாரியைத் திறப்பது மாதிரி நிதானமாகத் திறந்து, ஒப்புட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. அடுத்தது சாதத்தையும் தயிர்த் தூக்கையும் எடுத்தது. சம்பந்தி கன்னத்தில் கை வைத்து, நீங்க விடியற்காலையில் எழுந்து செய்ததாயிற்றே என்று வருத்தப்பட்டார். போகட்டும், என்னுடையதைச் சாப்பிடுங்கள் என்று சொல்லித் தன் பையை அவிழ்த்தார். அவிழ்த்தவர் அதை என் பக்கம் நகர்த்தவில்லை. குரங்கு இருந்த பக்கம்தான் நகர்த்தினார். இரண்டு நிமிஷத்தில் கச்சாயமும் சந்தகையும் மரத்தின் மேல் இருந்தன. தேங்காய்ப்பால் மட்டும் படியில் கொட்டியது. “பொக்குனு போச்சுங்க,” என்றார் சம்பந்தி. முகத்தில் அப்படி வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. கீழே வந்து சைக்கிளை எடுத்தபோது இரண்டும் கோழி இறகு மாதிரி இருந்தன. எங்கள் துக்கம் மாங்கரை வருவதற்குள் ஆறிவிட்டது.

மாங்கரை சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் எங்களையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், எங்கேயும் காட்டுக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அங்கிருந்து ஏற்றம். இரண்டு பக்கமும் காடு, எதிரே வளைவு, வளைவுக்குப் பின்னால் இன்னொரு வளைவு. வெயில் இன்னும் முழுதாக விழவில்லை. ஈர மண்ணும் எருமைச் சாணமும் கலந்த வாசனை வந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது. ரசிப்பதற்கு எல்லாம் இருந்தன. மூச்சுதான் இல்லை.

களைத்துவிட்டது என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் மற்றவருக்கு ஆசை கெட்டுவிடுமே. அதனால் நான் ஷூ நாடா கட்டுவதற்காக நின்றேன். அடுத்த வளைவிலும் நாடா அவிழ்ந்தது. அதற்கடுத்த வளைவிலும் அவிழ்ந்தது. என் ஷூவுக்கு நாடாவே கிடையாது, ஒட்டுகிற பட்டைதான். சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கட்டுங்க என்றார். அவருக்கோ வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் காதில் வைத்துக்கொள்வார். பாவு பிணைத்தாயிற்றா, நூல்காரர் வந்தாரா என்று இதமான குரலில் விசாரிப்பார். மூன்றாவது தடவை அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் போனில் மணி பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மாங்கரையிலேயே போயிருந்தது. அவர் பேசி முடிக்கிறவரை நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டேன்.

பசி அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. எனக்குப் பசித்தால் கோபம் வரும். அவருக்கும் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. குரங்கிடம் பையைக் கொடுத்த எங்கள் புத்தியை நினைத்து இருவரும் பல்லைக் கடித்து மிதித்துக்கொண்டிருந்தோம்.

ஏற்றத்துக்கு நடுவே ஓரிடத்தில் ரோடு கொஞ்ச தூரம் இறங்கி, இடப்பக்கம் திரும்புகிறது. எப்படியோ சம்பந்தி முன்னால் போய்விட்டார். இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓட ஆரம்பித்தது. தான் முன்னால் போகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கழுத்தை முழுதாகப் பின்பக்கம் திருப்பி, நீங்க முன்னால போங்க என்று எனக்குச் சைகை காட்டினார். அவருக்கு எதிரே வளைவில், ஓரமாக, பலாப்பழம் ஏற்றிய ஒரு டெம்போ நின்றிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏய், திரும்பிப் பாக்காதடீ! பிரேக்கப் புடி!”

அது என் குரல்தான். மலை அதை வாங்கி இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. சம்பந்தி பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் உட்கார்ந்த வாக்கில் போய் இறங்கினார்.

நான் இறங்கி ஓடினேன். அடிபட்டிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். மாப்பிள்ளையைப் பெற்றவரை ‘டீ’ போட்டுவிட்டேனே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என் மகளின் வாழ்க்கை பெட்டியோடு திரும்பி வந்து எங்கள் வாசலில் இறங்குகிற காட்சிகூட மனதில் ஓடிவிட்டது. புதருக்குள்ளிருந்து சம்பந்தி தலையைத் தூக்கினார். தலைக்கவசத்தில் ஒரு கொத்து உண்ணிப் பூ ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தார்.

“நீ எதுக்குடீ பொறத்தாலயே வந்துட்டு கத்தற? மொதல்லயே முன்னால போய்த் தொலைஞ்சிருந்தீன்னா நான் எதுக்குத் திரும்பிப் பாக்கறன்?”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நாற்பது தறி ஓடுகிற கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டிய குரல் அது. தினமும் அதில்தான் பேசுகிறார். என்னிடம் மட்டும்தான் விசிறிக் காற்று. டெம்போவில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த பலாப்பழக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகச் சண்டை போட்டோம். அவரைப் புதரிலிருந்து இழுத்துக்கொண்டே போட்டேன், அவர் எழுந்துகொண்டே போட்டார். கல்யாண நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அவர் தேடித் தேடி வாங்கிவந்த பச்சைப் புடவையை நான் ஒருநாளும் கட்டவில்லையாம். கட்டாததற்குக் காரணம் அதைக் கட்டினால் நான் முருங்கைக் கட்டு மாதிரி இருப்பதுதான் என்று சொன்னேன். ரசத்துக்கு நான் பதிலே சொல்லவில்லையாம். கேட்டால்தானே சொல்வதற்கு என்றேன். உனக்கு என்ன வயசாச்சுன்னு இந்த சைக்கிள் ஆசை என்று அவர் கேட்டார்.

“எனக்கா ஆசை? உனக்குத்தான் ரொம்ப ஆசைன்னு என்ற மவ சொன்னா.”

சம்பந்தி இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

“என்ற பையன் உனக்குத்தான் ஆசைன்னு சொன்னான்.”

இருவரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சம்பந்தியின் சிரிப்பும் தறிக்கூடத்துச் சிரிப்புதான். பலாப்பழக்காரர் ஒரு பழத்தைப் பிளந்து, சுளைகளைத் தேக்கிலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா தங்கச்சிங்களா என்று கேட்டார். சம்பந்திங்க என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அவர் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் சுளை எடுத்துவரப் போனார்.

இரண்டாவது ஊற்று அந்த வளைவுக்கு அடுத்தாற்போலவே இருந்தது. ரோட்டு மதிலின் கல் இடுக்கில் யாரோ ஒரு பிளந்த மூங்கிலைச் செருகி வைத்திருந்தார்கள். அதன் நுனியிலிருந்து தண்ணீர் கயிறு மாதிரி விழுந்தது. சம்பந்தி யாரையும் கேட்கவில்லை, தலையை அப்படியே அதன் அடியில் கொடுத்தார். நான் அவரைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு என் தலையைக் கொடுத்தேன். அவ்வளவு குளிர்ந்த தண்ணீர். பல் கூசியது, பிறகு நெஞ்செலும்பு கூசியது. சிறுவாணி குடித்து வளர்ந்த திமிர் எனக்கு உண்டு, எந்த ஊர்த் தண்ணீரையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மூங்கில் தண்ணீரை ஒப்புக்கொண்டேன். உண்ணிமுள் கீறிய கைகளை அவர் கழுவிக்கொண்டார். பாட்டில்களை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். களைத்தபோதெல்லாம் களைத்துவிட்டது என்று சொல்லியே நின்றோம். அதனால் இன்னும் அதிகமாக நின்றோம்.

மூன்றாவது நீலச் சொட்டு ஆனைகட்டி தாண்டி, ஒரு வாழைத் தோட்டத்துக்குள் காட்டியது. வேலிப்படலைத் திறந்து உள்ளே போனால் ஊற்று மாதிரி எதுவும் இல்லை. வாழை, சொட்டுநீர்க் குழாய், ஒரு மோட்டார் ரூம், அவ்வளவுதான். தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார். இங்கே இயற்கை ஊற்று எங்கே இருக்கிறது என்று விசாரித்தோம். செல்போனை அவரிடம் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டார்.

கதை இதுதான். கொஞ்ச நாளுக்கு முன்பு அவருடைய குழாய் ஒன்று பாறைக்கருகில் வெடித்து, தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பக்கம் வந்த யாரோ சைக்கிள்காரர்கள் அதில் குளித்துவிட்டுப் படமெடுத்து, ஊற்று என்று வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள்.

“போன மாசமே குழாய மாத்திப்போட்டனுங்க,” என்றார், தவறு செய்தவர் மாதிரி. “நீங்க வருவீங்கன்னு தெரியாதுங்க.”

பரவாயில்லை என்று சொன்னோம். அவருக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை தூரம் மிதித்து வந்தவர்களை ஊற்றைக் காட்டாமல் அனுப்புவதா? எவ்வளவு தடுத்தும் கேட்காமல் மோட்டார் ரூமுக்குள் போய் சுவிட்சைப் போட்டார். வந்து, பாறைப் பக்கம் இருந்த குழாய் இணைப்பைத் தன் கையால் கழற்றிவிட்டார். தண்ணீர் பீறிட்டுப் பாறையில் அடித்துச் சிதறியது. பார்க்க அசல் ஊற்றேதான். நாங்கள் இருவரும் கால் நனைய நின்றோம். எங்கள் போனை வாங்கி அவரே படமெடுத்தார். குழாய் தெரியாமல் இருக்க ஒரு வாழையிலையை வெட்டி மறைத்து வைத்துவிட்டுத்தான் எடுத்தார்.

திரும்பும்போது இறக்கத்தில் சைக்கிள் ஓட்ட எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை. பழம் விற்றுவிட்டுக் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதே பலாப்பழ டெம்போவில் சைக்கிள்களை ஏற்றி, நாங்களும் பின்னால் ஏறிக்கொண்டோம். மாங்கரையில் சிக்னல் வந்ததும் ஊற்றுப் படம் பெங்களூருக்குப் போனது. மகள் உடனே வீடியோவில் கூப்பிட்டாள். சம்பந்தியின் குரல் சட்டென்று பழையபடி விசிறிக் காற்றாகிவிட்டது. “உங்கம்மா ரொம்ப நல்லா ஓட்டறாங்க கண்ணு,” என்றார். நான் அவருடைய தலைமுடியிலிருந்து உண்ணி இலையை எடுத்துக்கொண்டே, எல்லாம் அத்தை காட்டிய வழிதான் என்றேன். அழைப்பைத் துண்டித்ததும், தள்ளி உட்காரு, கால் நீட்டணும் என்றார் சம்பந்தி.

மருமகன் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் படத்தை வரைபடத்தில் ஏற்றி, ஐந்து நட்சத்திரம் கொடுத்து, குடும்பத்தோடு பார்க்க ஏற்ற இடம் என்று எழுதிவிட்டார்.

மழைக்காலம் முடிந்து நாங்கள் மறுபடியும் ஆனைகட்டி போனோம், இந்தத் தடவை எங்கள் ஆசைக்கே. வாழைத் தோட்டத்து வேலியோரம் ஏழெட்டு விலை உயர்ந்த சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. உள்ளே இளைஞர்கள் கூட்டமாகப் பாறையில் நனைந்துகொண்டிருந்தார்கள். குழாய் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் சேம்பும் கல்வாழையும் நட்டு வைத்திருந்தார் தோட்டக்காரர். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அவர் எங்களைப் பார்த்ததும் கூச்சத்தோடு எழுந்து வந்து, வராங்களேன்னு விட்டுட்டேனுங்க என்று மெல்லிய குரலில் சொன்னார். நாங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோதே ஊற்று படிப்படியாக இளைத்து, சொட்டுச் சொட்டாகி, நின்றுவிட்டது. ஈரத் தலையோடு ஒரு பையன் வந்து, என்னங்க ஆச்சு என்று அவரிடம் கேட்டான்.

“த்ரீ பேஸ் கரண்டு போயிருச்சுங்க தம்பி,” என்றார் அவர். “மத்தியானத்துக்கு மேல மறுபடியும் ஊறும்.”